இறுக்கச் சொன்னவள்

அந்தக் கதவைத் தட்டாதீர்கள் அக்கா. உள்ளே எங்கம்மா இருக்கிறாள்.

மயக்கம் எல்லாம் இல்லை. நன்றாகத்தான் இருக்கிறாள். முக்கால் மணி நேரமாக உள்ளேயே இருக்கிறாள், அவ்வளவுதான். ஆமாம், நீங்கள் எதற்கு இப்போது கக்கூசுக்குப் போக வேண்டும்? கையில் மஞ்சள் ஃபைல் இருக்கிறதே, எட்டாம் நம்பர் அறைக்குத்தானே வந்திருக்கிறீர்கள்? அப்படியென்றால் உங்களையும் ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு வரச் சொல்லியிருப்பார்கள். இப்போது போய்விட்டீர்கள் என்றால் திரும்பவும் முதலில் இருந்து குடிக்க வேண்டும். பேசாமல் இந்த பெஞ்சில் உட்காருங்கள். கால்மேல் கால் போட்டுக்கொள்ளுங்கள்.

என்னை அம்மாவிடம் பேசக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கதவைத் தட்டக்கூடாது. ஆச்சா என்று கேட்கக்கூடாது. இருமக்கூடக் கூடாதாம். கீழே போய் டீ குடித்துவிட்டு வா என்றார்கள், நான் போகவில்லை. எனக்கு வாயை மூடிக்கொண்டு உட்கார வராது. அதனால்தான் உங்களிடம் பேசுகிறேன். இவ்வளவு நேரம் வாட்ச்மேனிடம் பேசிக்கொண்டிருந்தேன். அவர் எழுந்து போய்விட்டார்.

என் பேர் ஜெனிலா. தூத்துக்குடிப் பக்கம், கடற்கரையை ஒட்டின ஊர். அம்மா பேர் தங்கபுஷ்பம்.

விஷயம் இதுதான். அம்மாவின் மூத்திரப்பையில் நானூறு மில்லி தண்ணீரை ஏற்றி, கையில் கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் ஜக்கைக் கொடுத்து உள்ளே அனுப்பியிருக்கிறார்கள். அவளாகப் போய், அதில் பிடித்துக்கொண்டு வர வேண்டும். பாதி வந்தால் போதும். இருநூறு. இருநூறு வந்துவிட்டால் சாயங்கால பஸ்ஸுக்கு ஊருக்குப் போகலாம். வரவில்லை என்றால் மெல்லிசாக ஒரு குழாய் கொடுப்பார்களாம். தினமும் நாலு வேளை அம்மாவே அதை உள்ளே போட்டு எடுக்க வேண்டுமாம். சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு, சுத்தமான மறைவான இடத்தில் உட்கார்ந்து. டாக்டரம்மா எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டார்கள் பாருங்கள். மறைவான இடம்.

எங்கம்மா உப்பளத்தில் வேலை பார்க்கிறாள் அக்கா. நானும்தான்.

உப்பளம் பார்த்திருக்கிறீர்களா? பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீர்கள். வெள்ளையாக அழகாக இருக்கும், போட்டோ எடுப்பார்கள். அங்கே ஒரு மரம் கிடையாது. ஒரு செடி கிடையாது. உடைமுள்கூட முளைக்காது. கண்ணுக்கு எட்டுகிற தூரம் பாத்தி, வரப்பு, பாத்தி, வரப்பு. அந்தக் கோடியில் ஒருத்தி குனிந்தால் இந்தக் கோடியில் லாரிமேல் நிற்கிறவனுக்குத் தெரியும். இதில் எங்கே ஒதுங்குவது? விடியுமுன்னால் இறங்கினால் பதினொரு மணிக்குத்தான் கரையேறுவோம். அதனால் பொம்பளைகள் யாரும் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். அந்த வெயிலில், அந்த உப்பில். மீறி வந்தால், நாலு பேர் சுற்றி நின்று பழைய சேலையை விரித்துப் பிடிப்போம். நடுவில் உட்காருகிறவள் சட்டென்று முடித்துவிட்டு எழுந்துவிட வேண்டும். கணக்கப்பிள்ளை அங்கிருந்தே சத்தம் போடுவார். "ஏ பிள்ளையளா, கூட்டம் போட்டு என்ன சாமியா கும்புடுதிய?" லாரிக்காரன்கள் சிரிப்பான்கள்.

மூன்று வருஷமாக அம்மாவுக்குச் சேலை பிடித்தது நான்தான். பதினஞ்சு வயசிலிருந்து.

பள்ளிக்கூடமா? பதினொன்றாம் வகுப்பில் நின்றுவிட்டேன். கெமிஸ்ட்ரி மிஸ் ஒரு நாள், "உனக்கெல்லாம் படிப்பு எதுக்கு, பேசாம உப்பு வாரப் போ" என்றார். சரி மிஸ் என்று பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். எல்லாரும் நான் கோபத்தில் வந்ததாகச் சொன்னார்கள். கோபம் இல்லை அக்கா. அவர் சொன்னது எனக்கும் சரி என்றுதான் பட்டது. என்ன, நீங்களும் டீச்சரா? முகத்தைப் பார்த்ததும் நினைத்தேன். போகட்டும், உங்களைச் சொல்லவில்லை. டீச்சருக்கு இது எப்படி வந்தது? ஓ, எட்டு பீரியடும் நின்றுகொண்டே அடக்கியதா. பள்ளிக்கூடத்தில் கக்கூஸாவது இருக்குமே. பூட்டி வைத்திருப்பார்களா? சரிதான்.

எங்கம்மாவுக்கு எப்போது ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியாது. அவள் சொன்னதே இல்லை. நானாகக் கண்டுபிடித்தேன். போன வருஷம் உப்பு வாரல் நேரம். அம்மா தொடையில் எல்லாம் புண். உப்புத்தண்ணீர் பட்டுப் பட்டு ரத்தம் கசிகிறது. "என்னம்மா இது?" என்றால் வேர்க்குரு என்கிறாள். தொடையில் யாருக்கு அக்கா வேர்க்குரு புண்ணாகும்? பிறகுதான் கவனித்தேன். உப்பை ஒதுக்குகிற வாருபலகையை இழுக்கும்போதெல்லாம் மூத்திரம் கசிகிறது. தும்மினால் கசிகிறது. சும்மா நின்றாலும் கசிகிறது. மாராப்பை நனைத்து முன்னால் விட்டுக்கொள்வாள், உப்புத்தண்ணீர் தெறித்த மாதிரி. அப்படி நடித்தே எத்தனை வருஷம் ஓட்டினாளோ.

ஞானசுந்தரி என்று ஒருத்தி இருக்கிறாள், எங்களுக்கு அடுத்த பாத்தி. அவளுக்கு நாக்கு நீளம். ஒரு நாள் எல்லாரும் இருக்கும்போது சொல்கிறாள், "தங்கபுஷ்பம் பாத்தியில மட்டும் உப்பு சீக்கிரம் வெளையுதே, என்னான்னு பாத்தா ரெண்டு தண்ணி பாயுதுல்லா." எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் போய் ஞானசுந்தரியைப் பாத்திக்குள் தள்ளிவிட்டேன். முழுசாக விழுந்தாள், கண்ணெல்லாம் உப்பு. தப்புத்தான். ஆனால் திரும்பவும் சொன்னால் திரும்பவும் தள்ளுவேன்.

அன்றைக்கு ராத்திரி அம்மா என்னோடு பேசவில்லை. ஞானசுந்தரியோடு பேசினாள். என்னோடு பேசவில்லை.

நான் சும்மா இருப்பேனா? போனில் தேடினேன். இருமினால் கசிகிறதா, தும்மினால் கசிகிறதா என்று ஒரு வீடியோ. வெள்ளைக் கோட்டுப் போட்ட அம்மா ஒருத்தர் பேசுகிறார். கீழே இருக்கிற சதை தளர்ந்துபோய்விடுமாம். அதை இறுக்கிப் பழக வேண்டுமாம். ஐந்து எண்ணும்வரை இறுக்கு, ஐந்து எண்ணும்வரை விடு. பத்துத் தடவை. ஒரு நாளைக்கு மூன்று வேளை. இவ்வளவு சுலபமாக இருக்கிறதே, இதற்கா இத்தனை வருஷம் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அம்மாவை உட்கார வைத்துச் செய்ய வைத்தேன். "எம்மா, இறுக்கு. ஒன்னு, ரெண்டு, மூனு, நாலு, அஞ்சு. விடு. இறுக்கு." அம்மா சாமி கும்பிடுகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டு செய்வாள். ஒரு வாரம் ஆயிற்று, ஒன்றும் குறையவில்லை. நான் யோசித்தேன். விடுவதற்கு எதற்கு அஞ்சு எண்ண வேண்டும்? விடுகிறது தானாக நடக்கிற காரியம்தானே? அந்த நேரத்தில் இன்னொரு தடவை இறுக்கலாமே. அதனால் விடுகிறதை எடுத்துவிட்டேன். பத்து எண்ணும்வரை இறுக்கு, அடுத்தது, பத்து எண்ணும்வரை இறுக்கு, அடுத்தது. அதுவும் போதவில்லை. தினமும் பாத்தியில் அறுநூறு எழுநூறு தடவை வாருபலகை இழுக்கிறோம். ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு தடவை இறுக்கு என்று சொன்னேன். நான் பக்கத்துப் பாத்தியில் இருந்தே குரல் கொடுப்பேன். "எம்மா, இறுக்கு!" எல்லாரும் பலகையை இறுக்கிப் பிடிக்கச் சொல்கிறேன் என்று நினைத்தார்கள்.

ஆறு மாசம் அக்கா. ஒரு நாள் விடவில்லை.

என்ன ஆயிற்றா? அதிகமாகிவிட்டது. அம்மா ஒழுங்காகச் செய்யவில்லை என்று நான் நினைத்தேன். ஏமாற்றுகிறாள் என்று நினைத்தேன். உள்ளே நடக்கிறது வெளியே தெரியாதே. "நீ செய்யாமலே செஞ்சேன்னு சொல்லுத" என்று திட்டினேன். "செய்யுதேன்ட்டி, சத்தியமா செய்யுதேன்" என்பாள். நான் நம்பவில்லை.

பிறகு எங்கள் ஊர்ப் பக்கத்து டவுனில் ஒரு டாக்டரைப் பார்த்தோம். அவர் ஒரு நாடா வைத்து இழுத்துக் கட்டுகிற ஆபரேஷன் இருக்கிறது என்றார். தேதிகூடப் பேசிவிட்டோம். ஆனால் அதற்கு முன்னால் பெரியாஸ்பத்திரிக்குப் போய் நரம்பும் சதையும் எப்படி இருக்கிறது என்று ஒரு டெஸ்ட் எடுத்துக்கொண்டு வா என்று சீட்டு எழுதினார். அப்படித்தான் இங்கே வந்தோம். இப்போது வந்தது இரண்டாம் தடவை. முதல் தடவை வந்து மூன்று வாரம் ஆகிறது.

என்ன டெஸ்ட்டா? உங்களுக்கு ஒன்றுமே சொல்லவில்லையா? நான் சொல்கிறேன். மறைக்க மாட்டேன். கீழே உடுப்பு இருக்காது, ஒரு பச்சைத் துணி போர்த்துவார்கள். நடுவில் ஓட்டை வைத்த ஒரு நாற்காலி. மூத்திரம் போகிற வழியில் நூல் மாதிரி ஒரு குழாய். பின்பக்கம் ஒன்று. பின்பக்கத்துக்குப் பக்கத்திலேயே ரெண்டு ஸ்டிக்கர் ஒட்டி வயர் மாட்டுவார்கள். சில பேருக்கு ஊசி. அம்மாவுக்கு ஊசி போட்டார்கள். கட்டெறும்பு கடித்த மாதிரி இருந்தது என்றாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஏற்றுவார்கள். இருமச் சொல்வார்கள். முட்டுகிறதா முட்டுகிறதா என்று கேட்பார்கள். முட்டியதும், இப்போது போங்கள் என்பார்கள். அங்கேயே. நாற்காலியில் உட்கார்ந்தபடியே. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க.

எழுந்திருக்காதீர்கள் அக்கா. உட்காருங்கள். எல்லாரும் பொம்பளைகள்தான் உள்ளே. நீங்கள் எழுந்து போனால் உங்களுக்கு அடுத்த தேதி மூன்று மாசம் கழித்துத்தான் கிடைக்கும். எங்களுக்கு அந்த டவுன் டாக்டர் போன் போட்டுச் சொன்னதால்தான் மூன்று வாரத்தில் கிடைத்தது.

அந்த மெஷினில் ஒரு சத்தம் வரும். அதைச் சொல்ல மறந்துவிட்டேன். சதை இறுக்கினால் அந்த வயர் வழியாகச் சத்தம் வரும், எண்ணெயில் கருவாடு பொரிகிற மாதிரி. சடசடசட. இறுக்கத்தை விட்டால் சத்தம் அடங்கிவிடும். முதல் தடவை நானும் உள்ளே இருந்தேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை, நானாகப் போய் நின்றுகொண்டேன். மும்தாஜ் மேடம்தான் அந்த மெஷினைப் பார்க்கிறவர். "இருமுங்கம்மா" என்றார். சத்தம். "மூச்சை இழுத்துப் பிடிங்க." சத்தம். "இப்போ தளர்த்துங்க." அப்போதும் சத்தம். சடசடவென்று வந்துகொண்டே இருக்கிறது. எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? எங்கம்மா சதை தளரவே இல்லை பாருங்கள், ஆறு மாசம் நான் கொடுத்த பயிற்சி என்று நினைத்துக்கொண்டேன். அவள் ஏமாற்றவில்லை என்று அப்போதுதான் நம்பினேன்.

"இப்போ போங்கம்மா" என்றார் மேடம். அம்மா போகவில்லை. அஞ்சு நிமிஷம். பத்து நிமிஷம். குழாயைத் திறந்துவிட்டுப் பார்த்தார்கள், தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டால் வரும் என்று. வரவில்லை. அம்மா முகம் எல்லாம் வேர்க்கிறது. என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. பக்கத்தில் போய், "எம்மா, நல்லா இறுக்கு, பொறவு விடு! இறுக்கு! இறுக்கும்மா!" என்று கத்தினேன். மேடம், "ஏம்மா, டெஸ்ட் எடுக்கிறது நீயா நானா?" என்றார். நான் சொன்னேன், "மேடம், எங்கம்மா நான் சொன்னாத்தான் கேப்பா."

அம்மா அப்போது ஒரு பார்வை பார்த்தாள். மேடத்தை இல்லை, என்னை. அப்புறம் ஒவ்வொரு வயராகப் பிய்த்துப் போட்டாள். இறங்கினாள். சேலையைச் சுற்றிக்கொண்டு கதவைத் திறந்து போய்விட்டாள். நான் பின்னாலேயே ஓடினேன். மாடிப்படியில் இரண்டாவது வளைவில், ஆட்கள் ஏறி இறங்குகிற இடத்தில், எல்லாம் போய்விட்டது. அங்கே ஒரு சொட்டு வராது, இங்கே படி முழுக்க. ஒரு ஆள், பூ வாங்கிக்கொண்டு யாரையோ பார்க்கப் போகிறவர், தாண்டிப் போனார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "அங்க போயிருக்கலாம்லா? அவ்வளவு பேரு கெஞ்சினாங்கல்லா?" என்று படியிலேயே நின்று கத்தினேன். அம்மா முந்தானையை எடுத்துப் படியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஊசிக்குப் பயந்துவிட்டாள் என்று எல்லாரிடமும் சொன்னேன்.

இன்றைக்கு வந்ததும் மும்தாஜ் மேடம் முதல் வேலையாக என்னை வெளியே போகச் சொன்னார். நான் போக மாட்டேன் என்றேன். அவளுக்குக் கூச்சம் ஜாஸ்தி, நான் கூட இருந்தால்தான் தைரியமாக இருக்கும் என்றேன். மேடம் அம்மாவைப் பார்த்து, "என்னம்மா, பொண்ணு இருக்கட்டுமா?" என்று கேட்டார். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு, "அவ வெளிய நிக்கட்டும்" என்றாள். எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்கள். பெற்ற பிள்ளையிடம் என்ன கூச்சம்? வெளி ஆள் பார்க்கலாம், நான் பார்க்கக்கூடாதா?

கதவில் காதை வைத்துக்கொண்டுதான் நின்றேன். அதே சடசட. இருபது நிமிஷம். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, சத்தம் கொஞ்சம் தேய்ந்தது. மேடம், "அப்படித்தான், அப்படித்தான், விடுங்க" என்கிறார். நான் பதறிப்போய், "எம்மா, விட்டுராத!" என்று வெளியே இருந்து சொல்லிவிட்டேன். வாய் தவறி வந்துவிட்டது. சத்தம் பழையபடி ஏறிவிட்டது.

அதற்குப் பிறகு டாக்டரம்மா வந்தார்கள். வயசானவர்கள், கையில் பேனாவைச் சுழற்றிக்கொண்டே பேசுவார்கள். என்னையும் உள்ளே கூப்பிட்டார்கள். அம்மா பச்சைத் துணியைப் போர்த்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அவர்கள் காகிதத்தைக் காட்டினார்கள். கடல் அலை மாதிரி கோடு.

"நரம்பு நல்லாயிருக்கு. சதையும் பலமாத்தான் இருக்கு, தேவைக்கு மேலேயே பலமா இருக்கு. பிரச்சனை என்னன்னா, அதுக்கு விடத் தெரியல. போகணும்னு உட்கார்ந்தாலும் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டே இருக்கு. உள்ள எப்பவும் தேங்கி நிக்குது. ரொம்பி வழியுது. வழியறதைத்தான் நீங்க கசிவுன்னு நினைச்சிருக்கீங்க. இதுக்குப் போய் நாடா வெச்சு இழுத்துக் கட்டினா, சுத்தமா அடைச்சுப் போயிடும்."

ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அப்புறம் அம்மாவைக் கேட்டார்கள். "வருஷக்கணக்கா அடக்கினதுல ஆரம்பிச்சிருக்கும். ஆனா இவ்வளவு இறுக்கம் அதனால மட்டும் வராது. ஏதாவது எக்சர்சைஸ் செஞ்சீங்களா? இறுக்கிப் பிடிக்கிற மாதிரி?"

அம்மா, "ஆமா" என்றாள்.

"யார் சொல்லிக் குடுத்தாங்க?"

நான் அம்மாவைப் பார்க்கிறேன். அம்மா என்னைப் பார்க்கவே இல்லை.

"டிவில பாத்தேன் டாக்டரம்மா. நானா செஞ்சதுதான்" என்றாள்.

எங்கள் வீட்டில் டிவி கெட்டுப்போய் ரெண்டு வருஷம் ஆகிறது அக்கா.

நான் பொய் சொல்கிறவள் இல்லை. யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், ஜெனிலா முகத்துக்கு நேரே பேசுகிறவள் என்றுதான் சொல்வார்கள். அப்போது நான் பொய் ஒன்றும் சொல்லவில்லை. பேசாமல் இருந்தேன். அவ்வளவுதான். டாக்டரம்மா அவசரத்தில் இருந்தார்கள், அடுத்த ஆள் காத்துக்கொண்டிருந்தது, நடுவில் புகுந்து பேசினால் நன்றாகவா இருக்கும்? பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். நீங்கள் ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? டீச்சர் பார்வை.

அந்த வீடியோ அம்மாவும் சதை தளர்ந்தவர்களுக்கு என்றுதான் சொன்னார். நான்தான் எங்கம்மாவுக்கும் அதுவே என்று முடிவு கட்டிவிட்டேன். சேலை பிடித்துக்கொண்டு நிற்கும்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நடுவில் உட்கார்ந்து அஞ்சு நிமிஷம் ஆகும், ஒன்றும் வராது. எழுந்து, "ஆச்சு" என்பாள். ஆகியிருக்காது. நான்கூட, "சீக்கிரம்மா, லாரிக்காரன் பாக்கான், சீக்கிரம்" என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். எல்லாரும்தான் சொல்வார்கள். நான் கொஞ்சம் அதிகமாகச் சொல்லியிருப்பேன். எனக்குப் பொறுமை கிடையாது, அது பிறவியிலேயே.

மணி என்ன அக்கா? ஒன்றரைக்கு டாக்டரம்மா கிளம்பிவிடுவார்கள். அதற்குள் அம்மா அந்த ஜக்கோடு வர வேண்டும். இல்லை என்றால் குழாய்தான். அதை அந்தக் கண்ணாடி அலமாரியில் பார்த்தேன், கவரில் போட்டு அடுக்கியிருக்கிறது. அதை வைத்துக்கொண்டு எங்கம்மா பாத்தி வரப்பில் என்ன செய்வாள்? நாலு பேர் சேலை பிடிக்க, நடுவில் உட்கார்ந்து குழாய் போடுவாளா? உப்புக் கையோடா? கை கழுவ எங்கே தண்ணீர்? குடிக்கவே கேனில்தான் வருகிறது. வேலையை விட்டுவிடு என்பீர்கள். டாக்டரம்மாவும் அதைத்தான் சொன்னார்கள். இருபத்திரண்டு வருஷம் உப்பு வாரினவளை வீட்டில் உட்கார வைத்தால் அவள் என்ன ஆவாள்? எங்கம்மா வாரின பாத்தியைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு கல் அழுக்கு இருக்காது. ஞானசுந்தரிகூட ஒத்துக்கொள்வாள்.

உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

எனக்குக் கதவை உடைக்க வேண்டும் போல இருக்கிறது. அம்மா, மூச்சை விடு, தோளைத் தளர்த்து, எதையாவது நினைத்துக்கொள் என்று சொல்ல வேண்டும் போல இருக்கிறது. மேடம் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார், நான் கேட்டுக்கொண்டிருந்தேன், எல்லாம் எனக்கு மனப்பாடம். அம்மா மறந்திருப்பாள். ஒரே ஒரு தடவை சொன்னால் என்ன? மெதுவாகச் சொன்னால்? தப்பா?

இருங்கள். கூப்பிடுகிறாள்.

என்னம்மா?

ஆமா, இங்கனதான் நிக்கேன். எங்கயும் போகல. நீ பயப்படாத.

என்னது?

எதுக்கு?

நான் சத்தமே போடலயேம்மா. இந்த அக்காகிட்டதான் பேசிட்டிருந்தேன்.

சரி. சரிம்மா. கேக்கு.

போ என்கிறாள் அக்கா. உங்களுக்கும் அப்படித்தானே கேட்டது? "நீ அங்கன நிக்கது தெரிஞ்சா எனக்கு வராதுட்டி, கீழ போ" என்கிறாள்.

நான் நிற்கிறதா? நான் என்ன செய்தேன் இப்போது? மூன்று வருஷம் சேலை பிடித்தவள் நான். மூன்று வருஷமும் நான்தானே பக்கத்தில் நின்றேன். வேறு யாராவது நின்றார்களா?

ஆமாம். நான்தான் நின்றேன்.

எம்மா. ஒன்னே ஒன்னு சொல்லிட்டுப் போயிருதேன். டாக்டரம்மாகிட்ட நான் சொல்லிருதேன், இறுக்கச் சொன்னது நான்தான்னு.

பொறவா? பொறவு என்ன, நான் மறந்துருவேன்னு நெனைக்கியா? மறக்க மாட்டேன்.

சரி. போறேன்.

பாருங்கள், உங்களைத்தான் கூப்பிடுகிறார்கள். வசந்தகோகிலம் நீங்கள்தானே? போங்கள் அக்கா, பயப்படாதீர்கள், கட்டெறும்புதான். மும்தாஜ் மேடம் விடச் சொன்னால் விட்டுவிடுங்கள். நான் சொன்னதில் அதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதை மறந்துவிடுங்கள்.

இந்தக் கதவுக்கு வெளியே யார் நிற்பது என்றா கேட்கிறீர்கள்? யாரும் வேண்டாம். எத்தனை மில்லி வந்தது என்று அவளே வந்து சொல்லட்டும். ஒரு மில்லி என்றாலும் அவளே சொல்லட்டும்.

நான் படியிறங்கிப் போகிறேன். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தம் இல்லாமல் போகலாம் என்று பார்த்தேன். வேண்டாம். காலில் போட்டுக்கொண்டு, நன்றாகத் தேய்த்துத் தேய்த்து நடந்தே போகிறேன். நான் போவது அம்மாவுக்குக் கேட்க வேண்டும்.